பாக்கு வைத்த கடைகள்

அத்தியாயம் 9

சென்ற வாரம் காசிவிஸ்வநாதனை நாம் வாசற்படியில் விட்டுவிட்டு வந்தோம். மகள் கிருத்திகா, "கட்டுனா பிரபுவைத்தான் கட்டுவேன் அப்பச்சி" என்றாள். மனிதர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார், செருப்பை மாட்டினார், தெருவில் இறங்கிவிட்டார்.

பிரபு என்றால் ஆரோக்கிய பிரபு. செக்காலை ரோட்டில் மாலை நேரத்தில் இடியாப்பக் கடை போடும் இன்பமேரியின் மகன். மின்வாரியத்தில் பொறியாளன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கும் அந்தத் தட்டு போன வேகத்திலேயே விளங்கியிருக்கும்.

கிருத்திகாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பங்களா ஓட்டல்களில் வந்து தங்கும் வெளியூர்க்காரர்களை மாலையில் கூட்டிக்கொண்டு காரைக்குடித் தெருக்கடைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிக்காட்டித் தின்ன வைப்பதுதான் அவள் தொழில். சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வருடமாக அது நன்றாகவே நடக்கிறது.

வீட்டில் அவர் மனைவி மெய்யம்மை மட்டும் இருந்தாள். கோதுமை ரவை உப்புமாவும் கத்தரிக்காய்க் கோசமல்லியும் தட்டில் அப்படியே ஆறிக்கொண்டிருந்தன.

"போகட்டும். நடந்துட்டு வரட்டும். பசிச்சா வாய் தன்னால திறக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அப்போது அவளுக்குக் கவலை ஒன்றும் இல்லை, கோபம் மட்டும்தான். மகள்மேல் பாதி, புருஷன்மேல் பாதி.

தட்டை மூடி வைத்துவிட்டு மேசையைத் துடைக்கப் போனபோதுதான் அதைப் பார்த்தாள்.

இன்சுலின் பேனாவின் மூடி. பக்கத்தில் ஊசிமுனையின் குட்டி பிளாஸ்டிக் தொப்பி. ஒரு துளி பஞ்சு, அதில் பொட்டாக ரத்தம்.

அவள் துணியைக் கீழே போட்டாள். அவர் ஊசி போட்டுக்கொண்டுதான் தட்டின்முன் உட்கார்ந்திருக்கிறார். ஊசி உள்ளே போயிருக்கிறது, ஒரு வாய் உப்புமா உள்ளே போகவில்லை.

காலில் புண் வந்து ஆறாமல் போன பிறகு, இப்போதுதான் அவருக்கு இன்சுலின் ஆரம்பித்தார்கள். முதல் நாளே டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். "ஊசி போட்டா அரை மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுடணும்மா. இல்லைன்னா சர்க்கரை சரசரன்னு இறங்கிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாம மாறாட்டமாப் பேசுவாரு. அப்பவே இனிப்பு கொடுக்கணும். கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து."

மெய்யம்மை தலையை ஆட்டினாள், காதில் வாங்கவில்லை. அவள் பயமெல்லாம் சர்க்கரை ஏறுவதைப் பற்றித்தான். கூடப்பிறந்த அண்ணனுக்குச் சர்க்கரை ஏறித்தான் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இறங்கினாலும் ஆள் போய்விடும் என்று டாக்டர் சொன்னது அன்றைக்கு அவள் மண்டையில் ஏறவே இல்லை. இன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையும் கணீரென்று கேட்டது.

அவருக்குப் போன் போட்டாள். உள்ளே கட்டிலில் மணி அடித்தது.

கிருத்திகாவுக்குப் போட்டாள். எடுக்கவில்லை. இன்னொரு தடவை போட்டாள். ஊகூம்.

வீட்டைப் பூட்டினாளா, சாத்திவிட்டு மட்டும் வந்தாளா என்பதுகூட நினைவில்லை. கல்லுக்கட்டிக் கடைவீதிப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு தைரியம் இருந்தது. மனிதர் எங்கே போயிருப்பார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. சாயங்காலமானால் தெருக்கடைப் பக்கம் கால் தானாகப் போய்விடும் அவருக்கு. ஜவுளிக்கடையில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். இந்தக் கடையில் ஒரு பணியாரம், அந்தக் கடையில் ஒரு சீயம், நின்றபடி ஒரு சூப். எவன் கடையில் சட்னியில் இன்று மிளகாய் கூடிவிட்டது என்பதுவரை சொல்லுவார். பசி வந்தால் ஏதாவது வாங்கித் தின்றிருப்பார். ஊரே தீனிக்கடையாக இருக்கும்போது மனிதர் பட்டினியாக விழுவாரா என்ன?

இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கல்லுக்கட்டியில் முதல் கடை சொக்குவுடையது. வாணலியில் வெள்ளைப் பணியாரம் உப்பி உப்பி மேலே வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பத்துப் பேர் வாழை இலைத் துண்டை ஏந்திக்கொண்டு நின்றார்கள்.

"சொக்கு, அவுக வந்தாகளா?"

சொக்குவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வந்தாக ஆச்சி. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீக. ஒரு விள்ளல்கூடக் கொடுக்கலை!"

"என்னது?" என்றாள் மெய்யம்மை.

"ரெண்டு பணியாரம் வையிடான்னாக. வைக்கலையே! ஒரு கந்தரப்பமாச்சும் கொடுடா, வாய் என்னமோ மாதிரி இருக்குன்னாக. ம்ஹூம். ஆச்சி பாக்கு வச்சுச் சொல்லிட்டுப் போயிருக்காக, நான் வாங்கிட்டேன், என் தலையே போனாலும் கொடுக்க முடியாதுன்னுட்டேன்."

பாக்கு! அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்தப் பாக்குக் கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். இது நடப்பதற்கு ஒரு வாரம் முன்னால் மெய்யம்மை ஒரு காரியம் செய்திருந்தாள். வீட்டில் பத்தியம், வெளியில் பஜ்ஜி என்று மனிதர் திருட்டுத்தனம் பண்ணுவது தெரிந்துபோயிற்று. சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், மசியவில்லை. ஒரு நாள் வெள்ளித் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எடுத்து வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைக்கப் போவதுபோலப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, கடை கடையாகப் போய்விட்டாள். "அவுக வந்து கேட்டா எதையும் கொடுக்காதீக. காசு கொடுத்தாலும் கொடுக்காதீக. கெஞ்சினாலும் கொடுக்காதீக" என்று ஒவ்வொரு கடையிலும் பாக்கு வைத்துச் சொன்னாள்.

சும்மா வாயால் சொல்லியிருந்தால் பாதிப் பேர் அன்றைக்கே மறந்திருப்பார்கள். பாக்கு அப்படியில்லை. இந்த ஊரில் ஒருவர் பாக்கு வைத்துச் சொல்லி, நாம் அதைக் கைநீட்டி வாங்கிவிட்டால், அப்புறம் மாற முடியாது. சொக்கு அன்றைக்குக் கையைத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினான். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவள் மெய்யம்மை.

"அவுக ஊசி போட்டுக்கிட்டுச் சாப்பிடாம வந்துட்டாகடா சொக்கு! இனிப்பு கொடுக்கலைன்னா உயிரே போயிரும்! எங்குட்டுப் போனாக?"

சொக்குவின் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. "ஐந்து விளக்குப் பக்கம், ஆச்சி... சிரிச்சுக்கிட்டேதான் போனாக..."

அவன் முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

ஊர் முழுக்கத் தின்றுகொண்டிருந்தது. கொத்துப் பரோட்டாக் கல்லில் கரண்டிகள் தடதடவென்று காதைப் பிளந்தன. காடை பொரிக்கிற வாசனை, காளான் வண்டியில் வதங்குகிற வெங்காய வாசனை, ஆட்டுக்கால் சூப்பில் தூவும் மிளகு. பானிபூரி வண்டியைச் சுற்றிக் கல்லூரிப் பிள்ளைகள் அண்ணாந்து வாயைத் திறந்து நின்றார்கள். ஒரு குழந்தை பஞ்சுமிட்டாயைத் தலையில் ஒட்டிக்கொண்டு அழுதது. இத்தனை தீனிக்கு நடுவில் ஒருத்தர் பசியில் செத்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு. 

மின்கம்பத்தின் அடியில் ஒருவர் வேட்டி விலகிச் சாய்ந்து கிடந்தார். மெய்யம்மை பக்கத்தில் போய்க் குனிந்தாள். வேறு யாரோ. குடித்துவிட்டுத் தூங்குகிற ஆள். அவளுக்கு நிம்மதி வரவில்லை, அழுகைதான் வந்தது.

பருத்திப்பால் வண்டி ஐயனாருடையது. பித்தளைப் பானையில் ஆவி பறந்தது.

"வந்தாக ஆச்சி" என்றான் ஐயனார். இவனிடமும் அதே சிரிப்பு. "ஒரு டம்ளர் பருத்திப்பால், கருப்பட்டி தூக்கலான்னாக. நான் அசையலையே! என்னாமா நடிக்கிறாக தெரியுமா? கையை இப்படி நடுக்கிக் காட்டுறாக. முதுகுச் சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சு போச்சு. பாவமா இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே ஒரு டம்ளர் சுடுதண்ணி கொடுத்தேன்."

"சுடுதண்ணியா..."

"சீனி ஒரு பொட்டுகூடப் போடலை ஆச்சி."

அவனைத் திட்டவும் முடியவில்லை. சுடுதண்ணி கொடு என்று சொன்னவளே அவள்தான். கை நடுக்கம், வேர்வை. டாக்டர் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. அடுத்தது பேச்சுக் குழறல். அதற்கு அடுத்ததை நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"கொப்புடையம்மா, என் தாலிக்கு நீதான் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினாள். வழியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

வளைவில் நாகஜோதி கடை. ஒரு பக்கம் வாழைப்பழத் தார் தொங்கும், மறுபக்கம் எண்ணெய்ச் சட்டியில் மசாலா சீயம் வேகும். நாகஜோதி மெய்யம்மையைத் தூரத்தில் பார்த்ததுமே எழுந்து வந்தாள். இவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆச்சி, நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். ஐயா இன்னைக்குச் சரியில்லை."

"என்ன பண்ணுனாக? சொல்லு, சீக்கிரம் சொல்லு!"

"தள்ளாடிக்கிட்டு வந்தாக. வாய் குழறுச்சு. என் பேர்கூட வரலை, என்னைப் பார்த்து 'ஏ பொன்னி'ங்கிறாக. எனக்கு வருத்தமாப் போச்சு. குடிக்கவே மாட்டாகளே, பாப்பா விஷயத்துல மனசொடிஞ்சு குடிச்சுட்டாகளோன்னு நெனச்சேன்." ஊருக்கே அதற்குள் தெரிந்திருந்தது. "தாரிலேருந்து ஒரு பழத்தைப் பிச்சு, உரிச்சு, வாய்கிட்டக் கொண்டு போயிட்டாக ஆச்சி. நான்..."

"நீ?"

"தட்டிவிட்டுட்டேன். பாக்கு வாங்கியிருக்கேனே. பழம் மண்ணுல விழுந்துருச்சு. அதைக் குனிஞ்சு எடுக்கப் பார்த்தாக. நான் காலால தள்ளிவிட்டுட்டேன்."

மெய்யம்மை அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.  அந்தப் பழம் அங்கேதான், சாக்கடை ஓரத்தில் மண்ணோடு கிடந்தது. வாய்வரை வந்த பழம்! அந்த ஒரு பழம் உள்ளே போயிருந்தால் போதுமே. "நானே கொன்னுட்டேன். நாகஜோதி, அவுகளை நானே கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாகஜோதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவளும் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஆத்தா!"

கிருத்திகா. அவளுக்குப் பின்னால் பெங்களூர்க்காரத் தம்பதி ஒன்று, கையில் சுண்டல் பொட்டலத்தோடு விழித்துக்கொண்டிருந்தது.

"என்ன ஆத்தா இது, நடுரோட்டுல உக்காந்து?"

"போனை ஏன்டி எடுக்கலை? உங்க அப்பச்சி ஊசி போட்டுட்டுச் சாப்பிடாமப் போயிருக்காகடி! ஒரு கடையிலயும் ஒண்ணும் கொடுக்கலை. நான்தான் கொடுக்காதீகன்னு..."

கிருத்திகா படித்த பெண். அடுத்த வார்த்தை தேவைப்படவில்லை.  விருந்தாளிகளை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். 108க்குப் போன் போட்டாள். அவர் போன திசையை நாகஜோதி காட்ட, செக்காலை ரோட்டு முனைக்கு வரச் சொன்னாள். அடுத்து இன்னொரு நம்பரை அழுத்தினாள்.

"பிரபு, அப்பச்சியைக் காணோம். லோ சுகர். உங்க கடைப் பக்கம் பாரு..."

"அவனுக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்று ஆரம்பித்த மெய்யம்மை பாதியிலேயே நின்றாள்.

உங்க கடைப் பக்கம்.

அன்றைக்கு அவள் தட்டோடு போனபோது ஒரே ஒரு கடையை விட்டுவிட்டாள். செக்காலை ரோட்டு இடியாப்பக் கடை. மகள் அங்கே அடிக்கடி போகிறாள் என்று காதில் விழுந்திருந்தது. அந்த வீட்டுக்கு நாமாகப் போய்ப் பாக்கு வைத்தால் ஊர் என்ன பேசும்? இன்பமேரி எதிரே வந்து "வாங்க ஆச்சி" என்றபோதும் காது கேட்காதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிவிட்டாள். இத்தனை கடையில் கட்டு இல்லாத கடை அது ஒன்றுதான். அங்கே கேட்டால் கொடுப்பார்கள்.

கேட்பாரா? அந்தப் பேரைக் கேட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு வந்த மனிதர், அந்தக் கடையில் போய்க் கை நீட்டுவாரா? அவர் வீம்பு அவளுக்குத் தெரியாதா!

"வண்டியை எடுடி" என்றாள்.

ஸ்கூட்டியில் உட்கார்ந்து மகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மகளின் உடம்பு நடுங்குவது கையில் தெரிந்தது. தன் உடம்பும் நடுங்குவது மகளுக்குத் தெரிந்திருக்கும்.  வழியெல்லாம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் ஒவ்வொருவரும் அவர்போலத் தெரிந்தார்.

இன்பமேரி கடையில் ஆவி பறக்கும் இடியாப்பத் தட்டு கேட்பாரற்றுக் கிடந்தது. சாப்பிட வந்தவர்கள் எழுந்து நின்று சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்பமேரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"வந்தாக ஆச்சி" என்றாள்.  "எதிர்த்தாப்புல வந்து நின்னாக. வாங்க, உக்காருங்கன்னேன். இடியாப்பம் வைக்கட்டுமான்னேன். ஒண்ணும் பேசலை. என்னையவே முறைச்சுப் பார்த்தாக. சண்டைக்குத்தான் வந்திருக்காகன்னு நெனச்சுப் பயந்துட்டேன். இத்தனை பேருக்கு முன்னால ஏதாச்சும் சொல்லிப்புட்டா என்ன பண்றதுன்னு நான் மேக்கொண்டு கூப்பிடலை. அப்புறம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே சந்துக்குள்ள போயிட்டாக. இப்பத்தான் போன் வந்துச்சு, பிரபு அங்குட்டு ஓடுனான்."

அவர் முறைக்கவில்லை, யார் என்று தெரியாமல் பார்த்திருக்கிறார். மெய்யம்மை அதைச் சொல்லவில்லை. இத்தனை கடைகளைத் தாண்டி வந்தும் கையில் ஒரு துண்டு கருப்பட்டி வாங்கிவரத் தோன்றவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

"இன்பமேரி, தேங்காப்பால் இருக்கா? சீனி அள்ளிப் போட்டுக் கொடு."

அந்த அம்மாளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. இன்பமேரி கரண்டியைத் தேடவில்லை. சீனி டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளிப் போட்டு, டம்ளரில் கலக்கிக்கொண்டே கூட ஓடிவந்தாள்.

சந்துக்குள் பிரபுவின் போன் வெளிச்சம் தெரிந்தது. காசிவிஸ்வநாதன் சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பைக் காணவில்லை. தலைமுடி குளித்தெழுந்தவர்போல நனைந்திருந்தது. பிரபு அவரை ஒரு தோளில் தாங்கியிருந்தான். அவர் அவனுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார்.

"முழிப்பு இருக்கு ஆச்சி. முழுங்குவாக. சீக்கிரம்" என்றான் பிரபு.

மெய்யம்மை மண்டியிட்டு டம்ளரை அவர் வாயில் வைத்தாள். உதடு திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"குடிங்க. இங்க பாருங்க, கொஞ்சம் குடிங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாம்" என்றார். நாக்கு தடித்து வார்த்தை வழுக்கியது. "வேணாம்... மெய்யம்மை வைவா."



கண் திறந்துதான் இருந்தது. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ தெருவில் போகிற பெண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவகிட்டச் சொல்லிராதீக. பசிச்சுச்சு... நான் ஒண்ணும் திங்கலை. ஒண்ணுமே திங்கலை."

கிருத்திகா சுவரில் முகத்தை வைத்து அழுதாள். மெய்யம்மை அழவில்லை. அழுதால் டம்ளர் ஆடும். சிந்தினால் போச்சு.

"மெய்யம்மைதான் கொடுத்துவிட்டா" என்றாள். குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "குடிக்கச் சொன்னா. அவதான் சீனி போட்டுக் கலக்கச் சொன்னா."

"நெசமாவா?"

"நெசமாத்தான். இனிமே வையவே மாட்டா. அவமேல ஆணை."

அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு வாயைத் திறந்தார்.

ஒரு மடக்கு உள்ளே போனது. பாதி கடைவாயில் வழிந்தது. இன்னொரு மடக்கு. இன்பமேரி முந்தானையால் அவர் மோவாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே, "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மடக்கில் புரையேறியது. பிரபு டம்ளரைச் சட்டென்று விலக்கினான். மனிதர் இருமினார், தலை அவன் தோளில் சாய்ந்தது. கண் மூடிக்கொண்டது.

"என்னங்க! என்னங்க!"

ஆம்புலன்ஸ் சத்தம் முனையில் கேட்டது.

வண்டியில் வந்த பையன் விரலில் குத்திப் பார்த்தான். மிஷினைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.  ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். தூக்கும்போதும் அவர் பிரபுவின் மணிக்கட்டை விடவில்லை. பையன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"கூட வர்றது யாரு? ரெண்டு பேருக்கு மேல ஏத்த முடியாதுங்க. சொந்தக்காரங்க மட்டும் ஏறுங்க."

"நான் சம்சாரம்" என்றாள் மெய்யம்மை.

"இவரு?" என்று பிரபுவைக் காட்டினான். "மகனா?"

 பிரபு தலையைக் குனிந்துகொண்டான். கிருத்திகா அம்மாவைப் பார்த்தாள். இன்பமேரி காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு வேறு எங்கேயோ பார்த்தாள். பின்னால் சந்து முழுக்க ஊர் நின்றுகொண்டிருந்தது.

அந்தக் கையைப் பிரித்தால் அவர் உயிரும் கூடவே பிரிந்துவிடும் என்று மெய்யம்மைக்குத் தோன்றியது. அந்தப் பயத்தில் வேறெதுவும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"மாப்பிள்ளை" என்றாள். "எங்க வீட்டு மாப்பிள்ளை. ஏறுங்க மாப்பிள்ளை."

 பிரபு ஏறினான். அவளும் ஏறினாள். கதவு சாத்தப்பட்டது. பையன் குளுக்கோஸ் ஏற்ற நரம்பைத் தேடினான்.

அப்போது காசிவிஸ்வநாதனின் கண் திறந்தது.

மெல்லத் திறந்த கண் முதலில் கூரையைப் பார்த்தது. பிறகு பிரபுவின் முகத்தைப் பார்த்தது. பிறகு, தான் பிடித்துக்கொண்டிருந்த மணிக்கட்டைப் பார்த்தது. மெய்யம்மை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் பிரிக்கப் பார்த்தும் பிரியாத விரல்கள், ஒவ்வொன்றாகத் தாமாகவே விலகின. கை ஸ்ட்ரெச்சருக்கு வெளியே தொங்கியது. கண் மறுபடி மூடியது.

"அப்பச்சி!" என்றான் பிரபு, தன்னை மறந்து.

கேட்டுவிட்டாரா? தெளிந்து, யார் என்று தெரிந்து, 'மாப்பிள்ளை' என்ற அந்த வார்த்தையைக் கேட்டு, வேண்டாம் என்றுதான் கையை விட்டாரா? அல்லது...

அந்த 'அல்லது'வை மெய்யம்மையால் நினைக்க முடியவில்லை. பாக்கு வைத்து ஒரு தடவை கொன்றது போதாதென்று, வாயைத் திறந்து இன்னொரு தடவையும் கொன்றுவிட்டேனா என்று பதறி, தொங்கிய அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்து அழுத்தினாள். குளிர்ந்திருந்தது.

"ஐயா, கண்ணைத் திறங்க. நான் சொல்றது கேக்குதா? கையை இறுக்கிப் பிடிங்க" என்று பையன் கத்தினான். "அம்மா, பிடிக்கிறாரா?"

"பிடிங்களேன்" என்றாள் மெய்யம்மை. "என்னையாச்சும் பிடிங்களேன்."

விரல்கள் அசையவில்லை.